ரெண்டு பொட்டலம் அரளி

வள்ளித்தாய்: அந்த இன்னொரு பொட்டலம் எங்க?

பெருமாள்சாமி: எந்தப் பொட்டலம்?

வள்ளித்தாய்: அம்மன் முன்னால ரெண்டு பொட்டலம்தான வச்சோம். ஒண்ண உங்க அக்கா எடுத்தாக. மத்தது எங்கன்னு கேக்கேன்.

பெருமாள்சாமி: எடுத்ததுதான் உத்தரவு. எடுக்காததப் பத்தி எதுக்குப் பேச்சு? தோசையத் தின்னு, ஆறுது.

முப்பிடாதி: அதான. கண்ண இறுக்க மூடிக்கிட்டு, கோமதித் தாயேன்னு நெனச்சு எடுத்தேன். பிரிச்சா செக்கச்செவேல்னு இருக்கு. வெள்ளை வந்தா கட்டிய மட்டும் எடுக்கணும், செவப்பு வந்தா மார முழுசா எடுத்துறணும்னு பேசிக்கிட்டுத்தான ஊர்ல இருந்து பஸ் ஏறுனோம். சொல்லிட்டாள்லா.

வள்ளித்தாய்: மதினி, மெதுவா. பக்கத்து டேபிள்ல ஆளு இருக்கு.

முப்பிடாதி: இருந்துட்டுப் போறான். அவன் அம்மைக்கும் இருக்கத்தான செய்யுது.

பெருமாள்சாமி: அக்கா...

முப்பிடாதி: சரி, வாய மூடிக்கிட்டேன். சட்னி வரல, சட்னி கேளு.

வள்ளித்தாய்: டாக்டர் ராஜதுரை என்ன சொன்னாரு? ரெண்டும் ஒண்ணுதான்னாரு. நெல்லிக்கா அளவுக்குத்தான் கட்டி இருக்கு, மார முழுசா எடுக்கணும்னு கட்டாயம் இல்லன்னாரு.

பெருமாள்சாமி: அதோடயா நிறுத்துனாரு? கட்டிய மட்டும் எடுத்தா, பொறவு மெட்ராசுக்குப் போயி ஆறு வாரம் கதிர்வீச்சுக் கரண்டு வைக்கணும், இடையில விடாம வச்சாத்தான் ரெண்டும் ஒண்ணுன்னாரு. இடையில விடாமங்கறது மட்டும் உன் காதுல விழாது.

வள்ளித்தாய்: விழுந்துச்சு.

பெருமாள்சாமி: நீ எந்த மருந்த முழுசாத் தின்னு முடிச்சிருக்க? சொல்லு பாப்போம். மஞ்சக்காமாலைக்குக் கீழாநெல்லி அரைச்சுக் குடுத்தா மூணாம் நாளு கசக்குன்னு சாக்கடையில ஊத்துன. ஒடம்புல ரத்தம் இல்லன்னு நர்சம்மா மாத்திரை குடுத்தா, அதக் கோழிக்குப் போட்டவ நீ.

வள்ளித்தாய்: அந்தக் கோழி நல்லாத்தான முட்டை போட்டுச்சு.

முப்பிடாதி: அது என்னமோ வாஸ்தவம். நானும் ரெண்டு முட்டை வாங்கிட்டுப் போனேன்.

பெருமாள்சாமி: நீ யாரு பக்கம்க்கா?

முப்பிடாதி: நான் அம்மன் பக்கம்.

வள்ளித்தாய்: கேட்டதுக்குப் பதில் வரல. இன்னொரு பொட்டலம்?

பெருமாள்சாமி: விடமாட்டியே. கோயில் வாசல்ல ஒரு மாடு நின்னுச்சு. போட்டேன். தின்னுட்டு.

வள்ளித்தாய்: அரளியவா?

பெருமாள்சாமி: ம்.

வள்ளித்தாய்: அரளிப் பூவ மாடு தின்னுச்சா?

பெருமாள்சாமி: பசி போல.

முப்பிடாதி: ஏலே, அரளி தின்னா மாடு செத்துரும்லா. யாரு மாடுலே அது? இங்கன உக்காந்து தோசை திங்க, அங்கன மாடு...

பெருமாள்சாமி: தின்னலக்கா. மோந்து பாத்துச்சு. போயிட்டு.

வள்ளித்தாய்: பொட்டலம்?

பெருமாள்சாமி: அதுவும்... போயிட்டு.

வள்ளித்தாய்: மாட்டுக் கூடயா?

பெருமாள்சாமி: ஏட்டி, போலீஸ் ஸ்டேசன்ல கூட இப்படிக் கேக்க மாட்டான். உனக்கு இப்ப என்ன வேணும்? அம்மன் செவப்பு குடுத்துட்டா. பாளையங்கோட்டை ஆஸ்பத்திரிக்குப் போறோம், பத்து நாளு படுக்கோம், வீட்டுக்கு வாரோம். சோலி முடிஞ்சிட்டு.

வள்ளித்தாய்: செவப்பு வந்திருக்கவே முடியாது.

முப்பிடாதி: ஏன் முடியாது?

வள்ளித்தாய்: இல்ல... வெள்ளைதான் வரும்னு மனசுக்குள்ள ஒரு இது.

பெருமாள்சாமி: மனசுக்குள்ளயா, பொட்டலத்துக்குள்ளயா?

முப்பிடாதி: என்னலே சொல்லுத?

பெருமாள்சாமி: ஒண்ணும் சொல்லல. சட்னி வந்துட்டு, ஊத்திக்கோ.

வள்ளித்தாய்: இந்தா பாருங்க. பொட்டலம் கட்டுனது நானு.

பெருமாள்சாமி: நீதான்.

வள்ளித்தாய்: நான் தெப்பக்குளத்துல கால் கழுவப் போகையில உங்க கையில குடுத்துட்டுப் போனேன்.

பெருமாள்சாமி: குடுத்துட்டுப் போன.

வள்ளித்தாய்: அப்போ பிரிச்சுப் பாத்தீகளா?

பெருமாள்சாமி: பிரிச்சுத்தான் பாத்தேன்னு வச்சுக்கோ. என்ன இருக்கப் போவுது? ஒண்ணுல வெள்ளை, ஒண்ணுல செவப்பு. அதான? அதானட்டி?

முப்பிடாதி: அதான். வேற என்னத்த இருக்கும், அல்வாவா இருக்கும்? ஏ வள்ளி, ஏன் முழிக்க? விக்கல் வருதா? தண்ணியக் குடி.

வள்ளித்தாய்: மதினி... நீங்க வையக் கூடாது.

முப்பிடாதி: வையல. சொல்லு.

வள்ளித்தாய்: ரெண்டுலயும் வெள்ளைதான் வச்சேன்.

முப்பிடாதி: ...அடிப் பாதகத்தி. அம்மனையா ஏமாத்துன?

வள்ளித்தாய்: அம்மன இல்ல மதினி. உங்க ரெண்டு பேரையும். எனக்கு என்ன வேணும்னு அம்மனுக்குத் தெரியும்லா. உங்களுக்குத்தான் தெரியாது.

முப்பிடாதி: இரு, இரு... ரெண்டுலயும் வெள்ளை வச்சியா? நான் எடுத்தது செவப்பாலா இருந்துச்சு?

வள்ளித்தாய்: அதத்தான் வந்ததுல இருந்து கேக்கேன்.

முப்பிடாதி: எம்மா... இந்தக் கையப் பாரு, மயிர்க்கூச்செடுக்கு. வெள்ளைய செவப்பாக்கிட்டாளே ஆத்தா. இந்தக் கையில வச்சுலா ஆக்கிருக்கா. ஏலே, எந்திரி. கோயிலுக்குப் போயி குருக்கள்ட்ட சொல்லுவோம். இது சின்ன விசயமா?

பெருமாள்சாமி: அக்கா, உக்காரு.

முப்பிடாதி: எப்படிலே உக்கார? நம்ம ஊரு இளையரசனேந்தல் முழுக்க சொல்லணும்லா.

பெருமாள்சாமி: உக்காருக்கா. நாந்தான் மாத்துனேன்.

வள்ளித்தாய்: அப்படி வாங்க வழிக்கு. மாடு தின்னுட்டாம்லா, மாடு.

முப்பிடாதி: வெளங்குமாலே நீங்க ரெண்டு பேரும்? காலையில இருந்து பச்சத்தண்ணி பல்லுல படாம விரதம் இருந்து, தலை முழுகி, ஈரச் சேலையோட நின்னு எடுத்தேன். ரெண்டு களவாணிக்கு நடுவுல என் கைய நீட்ட விட்டிருக்கீகளே.

வள்ளித்தாய்: ரெண்டுலயும் செவப்ப வச்சிட்டீகளா?

பெருமாள்சாமி: ...ம்.

வள்ளித்தாய்: ரெண்டுலயுமா?

பெருமாள்சாமி: ஆமாங்கேன்லா. ரெண்டுலயுந்தான்.

வள்ளித்தாய்: ஏன்? முழுசா எடுத்துறணும்னு உங்களுக்கு அம்புட்டு அவசரமா?

பெருமாள்சாமி: அவசரம் இல்லட்டி. பயம்.

வள்ளித்தாய்: என்ன பயம்?

பெருமாள்சாமி: ஆறு வாரத்துல ரெண்டாவது வாரமே நீ எந்திரிச்சு வந்துருவ. கோழிய யாரு அடைச்சா, மொளகாப் பழத்த யாரு காயப்போட்டான்னு மெட்ராஸ்ல பஸ் ஏறிருவ. அந்தக் கட்டி திரும்ப வரும். பொறவு... பொறவு நான் யாருகூடச் சண்டை போட? நீ இல்லாத வீட்டுல கோழிகூடயா பேசிக்கிட்டு இருக்க? ஏட்டி, அழாத. கடையில ஆளு பாக்குது.

வள்ளித்தாய்: அழல. சட்னி காரம்.

முப்பிடாதி: தேங்காச் சட்னியாக்கும்.

வள்ளித்தாய்: மதினி, நீங்க ஆஸ்பத்திரியில ஒண்ணு கேட்டீக. புள்ளைக்குப் பால் குடுத்தாச்சு, மக கல்யாணமாகிக் கரிவலத்துக்குப் போயாச்சு, நாப்பத்தாறு வயசுல இனி இது எதுக்குன்னு.

முப்பிடாதி: நான் ஒரு பேச்சுக்குச் சொன்னேன்... தைரியமா இருக்கட்டுமேன்னு...

வள்ளித்தாய்: நர்சம்மா சிரிச்சாக. நானும் சேந்து சிரிச்சேன். வீட்டுக்கு வந்து குளிக்கையிலதான் கோவம் வந்துச்சு. எதுக்குன்னா என்ன அர்த்தம்? இந்தா, உங்க தம்பி மீசை எதுக்கு? கஞ்சி குடிக்கையில நனையுறதுக்குத்தான் ஆவுது. வழிச்சிருவோமா?

பெருமாள்சாமி: மீசைப் பேச்சுக்கு வராத.

வள்ளித்தாய்: பாத்தீகளா? வெட்டுனா நாளைக்கே மொளைக்கும். அதுக்கே இவுக மொகம் சுருங்குது.

முப்பிடாதி: ...சரிதான்.

வள்ளித்தாய்: எனக்கு ரெண்டும் வேணும். ஏன்னு கேட்டா சொல்லத் தெரியாது. என் ஒடம்பு, எனக்கு ஆசையா இருக்கு, அவ்வளவுதான். இதப் போயி வாயத் தொறந்து சொல்ல வெக்கமா இருந்துச்சு. இந்த வயசுல இவளுக்கு வந்த ஆசையப் பாருன்னு பேசுவாகள்லா. அம்மன் சொன்னான்னா ஒருத்தரும் சிரிக்க மாட்டாக. அதான் ரெண்டுலயும் வெள்ளைய வச்சேன்.

பெருமாள்சாமி: என்கிட்டச் சொல்லியிருக்கலாம்லா.

வள்ளித்தாய்: கேட்டீகளா? டாக்டர் என் மொகத்தப் பாத்துத்தான் கேட்டாரு, உங்களுக்கு எதும்மா இஷ்டம்னு. வாயத் தொறந்தது நீங்க. வீட்டுல பேசிட்டுச் சொல்லுதோம் சார்னீக. வீட்டுக்கு வந்து என்னத்தப் பேசுனீக? கிணத்து மோட்டார் ரிப்பேராப் போச்சுன்னு ராத்திரி முழுக்க அதத்தான் பேசுனீக.

பெருமாள்சாமி: மோட்டாரப் பத்தின்னா எனக்குப் பேசத் தெரியும்.

முப்பிடாதி: இது ஒண்ணுதாம்லே இன்னைக்கு நீ சொன்ன உண்மை.

பெருமாள்சாமி: சரி. இப்பக் கேக்கேன். பூவும் இல்ல, பொட்டலமும் இல்ல. உனக்கு எது வேணும்?

வள்ளித்தாய்: கட்டிய மட்டும் எடுக்கட்டும். மெட்ராஸ்ல என் தம்பி குருசாமி வீடு இருக்கு. அங்கன இருந்து கரண்டு வச்சுக்கிடுதேன்.

பெருமாள்சாமி: ஆறு வாரமும்?

வள்ளித்தாய்: ஆறு வாரமும்.

பெருமாள்சாமி: கோழி?

வள்ளித்தாய்: மதினி பாத்துக்கிடுவாக.

முப்பிடாதி: நானா?

வள்ளித்தாய்: முட்டை உங்களுக்குத்தான்.

முப்பிடாதி: அப்போ சரி.

பெருமாள்சாமி: சத்தியமா விடமாட்டியே?

வள்ளித்தாய்: உங்க மீசை மேல சத்தியம்.

பெருமாள்சாமி: அது மேல வேண்டாம். நீ ஒருக்கால் பாதியில வந்துட்டா அதுவும் போயிரும். நானும் கூட வாரேன். கடைசி நாள் வரைக்கும் உன் கூடத்தான் இருப்பேன்.

வள்ளித்தாய்: மொளகாப் பழம்?

பெருமாள்சாமி: அழுகுனா அழுகட்டும்.

வள்ளித்தாய்: ...இத நீங்களா சொல்லுதீக?

பெருமாள்சாமி: நானேதான். ரெண்டு தரம் சொல்ல வைக்காத.

முப்பிடாதி: எல்லாம் சரிலே. அம்மன் உத்தரவ மீறுததா ஆகாதா?

வள்ளித்தாய்: எது மதினி உத்தரவு? நான் ரெண்டு வெள்ளை வச்சேன், இவுக ரெண்டு செவப்பு வச்சாக. நீங்க எதத் தொட்டிருந்தாலும் செவப்புத்தான். பாவம், அவ வாயத் தொறக்க நாம எங்க விட்டோம்?

பெருமாள்சாமி: ...ஆமா.

வள்ளித்தாய்: நாளைக்குள்ள சொல்லணும்னாரு டாக்டரு. எதுத்தாப்புலதான போஸ்டாபீஸ்? போன் போட்டுட்டு வாரேன்.

பெருமாள்சாமி: இரு, நான் வந்து பேசுதேன்.

வள்ளித்தாய்: நீங்க காப்பி குடிங்க. நானே பேசுதேன். கட்டிய மட்டும் எடுங்க சார்னு சொல்லணும், அம்புட்டுத்தான? மதினி, என் தோசைய இவுக எடுக்காமப் பாத்துக்கிடுங்க. எடுத்துட்டு மாடு தின்னுட்டும்பாக.

முப்பிடாதி: போயிட்டு வா தாயி. ரோட்டப் பாத்துப் போ. ஏலே, அவ நடையப் பாருலே. காலையில வரும்போது காலு தரையில ஒட்டிக்கிட்டு வந்தா. இப்பக் கொமரி மாதிரிலா போறா.

பெருமாள்சாமி: ம்.

முப்பிடாதி: ஏலே பெருமாளு. ஒண்ணு கேக்கேன், மறைக்காமச் சொல்லு.

பெருமாள்சாமி: காப்பி ஆறுதுக்கா.

முப்பிடாதி: ஆறட்டும். நான் தேங்கா வாங்கிட்டுத் திரும்பயில நீ பூக்காரிகிட்ட நின்ன. உன் கையில ஒத்தை அரளிப் பூதான் இருந்துச்சு. ஒரே ஒரு செவப்பு. சாமிக்கு வாங்குதான்னு நெனச்சுக்கிட்டேன். ஒரு பூவ வச்சு ரெண்டு பொட்டலத்த எப்படிலே மாத்துன? சொல்லுலே. எடுத்தது என் கையாக்கும்.

பெருமாள்சாமி: ஒண்ணுலதாங்க்கா மாத்துனேன். இருக்குற ஒரு வெள்ளைய மாத்தி ரெண்டையும் செவப்பாக்கணும்னுதான் ஒத்தைப் பூ வாங்கிப் பிரிச்சேன். பிரிச்சுப் பாத்தா ரெண்டுலயும் வெள்ளை... அம்புட்டு ஆசையா வச்சிருக்கா, முழுசா அழிக்க எனக்கு மனசு வரல. ஒண்ண வெள்ளையாவே அவளுக்கு விட்டுட்டேன், மாட்டுக்குப் போட்டேன்னு மறைச்சதும் அதத்தான். அம்மன் நெசமாத்தாங்க்கா செவப்ப எடுத்துக் குடுத்தா. சாமி குத்தம்னா அது என் தலையில விழட்டும், நான் கும்பிட்டுச் சரி பண்ணிக்கிடுதேன். அவளுக்கு மட்டும் இது தெரியவே கூடாது. அந்தா வாரா, கண்ணத் தொடச்சுட்டு சிரிச்ச மொகமா இரு.