லேப்டாப் எழுந்திருக்க எடுத்த பதினொரு நிமிடம்

இயந்திரத்தின் மனதை அறிந்தவனுக்கு இவ்வுலகில் அறிய வேண்டியது வேறொன்றும் இல்லை. திருப்பூர் பனியன் கம்பெனி ஒன்றில் பதினெட்டு வருடம் குப்பை கொட்டிய ஞானசம்பந்தமாகிய நான் இதைச் சொல்கிறேன். என் பதவி சிஸ்டம் மேனேஜர். அந்தப் பதினெட்டு வருடத்தில் ஒரு லேப்டாப்பின் அடிமூடியைக்கூடக் கழற்றிப் பார்த்ததில்லை என்பதையும் எழுதிக்கொள்ளுங்கள் ஐயா.

எங்கள் ஆபீஸ் லேப்டாப் கிழடு. மடியில் வைத்தால் தொடை வேகும். ஒரு கணக்கைத் திறக்கச் சொல்லிவிட்டு டீ குடித்து வரலாம். ஆனால் மாடியில் மாட்டிய புகைக் கருவிகளெல்லாம் அதோடுதான் இணைந்திருந்தன. எங்கே புகைந்தாலும் அதில் ஓடும் புரோகிராம் அறிந்து மணி அடிக்கும். அதனால் அதன்மேல் எனக்கு மரியாதை உண்டு. ஆயுத பூஜையன்று தையல் மெஷினுக்கு ஒரு சந்தனப் பொட்டு என்றால் இதற்கு ஐந்து வைப்பேன். திரையில் படாமல் பின்பக்கமாக, கை தாராளமாக.

செக்கிங்கில் தைத்த பீஸின் குறை பார்க்கும் சித்ராதேவி சாத்தூர்ப் பக்கத்துப் பெண். வாய்த்துடுக்கு. "ஒங்க பொட்டிக்கு மூச்சு வாங்குது சார். ஒரு எட்டு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போங்க" என்பார். நானும் சிரிப்பேன்.

போன வருடம் சரக்கு வாங்கும் வெளிநாட்டுப் பையரின் ஆடிட் ஆட்கள் முன்னால் அது அப்படியே நின்றுவிட்டது. முதலாளி செங்கோட்டையன் மரியாதை தப்பாதவர். "ஏனுங்க ஞானசம்பந்தம், அடுத்த ஆடிட்லயும் இது படுத்துச்சுன்னா நீங்களும் ஊட்டுல போய்ப் படுத்துக்கலாமுங்க" என்றார். அவர் மகன் ரித்தீஷ் கோயம்புத்தூரில் கம்ப்யூட்டர் படித்தவர். எனக்கு ஒன்றும் தெரியாது என்பதைக் கண்டுபிடிக்கக்கூடியவர் அந்தக் கட்டடத்தில் அவர் ஒருவர்தான். அவர் செருப்புச் சத்தம் கேட்டாலே நான் கீபோர்டில் எதையாவது தட்டத் தொடங்குவேன்.

என்னால் ஆனதைச் செய்தேன். இரண்டு காலி நூல் கோன் மேல் லேப்டாப்பைத் தூக்கி வைத்தேன். டேபிள் ஃபேனைத் திருப்பினேன். ஈரப் பனியன் துணி சுற்றினேன். சூடு தணியவில்லை. கடைசியில், எப்போதும் ஓடிக்கொண்டிருக்கும் புரோகிராம்தான் மெஷினைத் தின்கிறது என்று எங்கோ படித்து, அப்படி ஓடியதை எடுத்துவிட்டேன். அது புகைப் புரோகிராம். ஆடிட் முடிந்ததும் திரும்பப் போடுவதாகத்தான் எண்ணம்.

ஆடிட் அன்று லேப்டாப் பிழைத்துக்கொண்டது. முதலாளி எனக்குச் சால்வை போர்த்தினார். போர்த்திய சால்வையோடு போய் அதை மறுபடி மந்தமாக்குவது நன்றாக இருக்காது என்று பட்டது.

ஆடிட் முடிந்த பன்னிரண்டாம் நாள் காலை பதினொன்றரைக்கு சித்ராதேவி என் அறைக்கு வந்தார். மாடியில் செக்கிங் பிரிவிலிருந்து படிக்கட்டுக்கு வரும் ஒரே வழியில்தான் கட்டிங் வேஸ்ட் துணி போடும் அறை இருக்கிறது.

"கருகுன வாடை அடிக்கு சார். அங்க எல்லாரும் எந்திரிச்சிட்டாளுவ. ஒங்க பொட்டியில ஏதாச்சும் காட்டுதா?"

ரித்தீஷ் என் பக்கத்து நாற்காலியில் இருந்தார். நான் திரையைச் சற்று நேரம் உற்றுப் பார்த்தேன். "ஒண்ணும் காட்டலீங்க, போய் வேலையப் பாருங்க" என்றேன். அது உண்மை. திரை எதையும் காட்டவில்லை.

அவர் போய் அப்படியே சொல்லியிருக்கிறார். எழுந்தவர்களில் நான்கு பேர் மறுபடி உட்கார்ந்திருக்கிறார்கள்.

ரித்தீஷ் போன் பேச வெளியே போனதும் ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தேன். வேஸ்ட் அறைக் கூரையோரம் புகை நூலாகக் கசிந்தது. கத்தியிருக்கலாம். கத்தினால், மணி ஏன் அடிக்கவில்லை என்று முதலில் கேட்பவர் ரித்தீஷ். ஆகவே முறைப்படி செய்தேன். புரோகிராமை மீண்டும் போட்டு லேப்டாப்பை அணைத்து எழுப்பினேன். சூட்டில் அது தவழ்ந்தது. திரையில் வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது. நான் ஈரத் துணியால் ஒற்றிக் கொடுத்தேன். பதினொரு நிமிடம். அதுவரை யாரையும் கூப்பிடவில்லை.

பிறகு மணி அடித்தது. கட்டடம் முழுக்கக் கேட்டது. மணி சரியாக வேலை செய்தது என்று எல்லோரும் விசாரணையில் உங்களிடம் சொன்னது அதனால்தான். சித்ராதேவியும் அந்த நான்கு பேரும் அப்போது அதைக் கேட்கும் நிலையில் இல்லை.

மெஷின் தாமதித்ததே தவிர நான் தாமதிக்கவில்லை என்று நேற்றுவரை நம்பினேன். நேற்று உங்கள் ஆள் என் எதிரில் லேப்டாப்பைக் கழற்றினார். உள்ளே ஒரு பழுதும் இல்லை. சூடு வெளியேறும் பின்பக்கத் துவாரம் காய்ந்த சந்தனத்தால் அடைபட்டிருந்தது.