ஏழும் ஆம்பளைங்க

...லெப்போவாம்! கேட்டீங்களா தம்பி இந்தக் கூத்தை? ரெய்னோ லெப்போவாம்! அந்தாளுக்குக் கடைக்குச் சீட்டு எழுதக்கூடத் துப்பு கிடையாது... காதுல மாட்டியிருக்கறதைக் கழட்டுங்க. இந்த ரயில் ஹெல்சிங்கி போய்ச்சேர இன்னும் ஒரு மணி நேரம் இருக்கு. இந்தாங்க, லவங்கப்பட்டை பன்.

பேப்பரைப் பாருங்க. பெரிய நாடக ஆசிரியர் ஹல்மே இருந்தாரே, அவரு நாடகத்துல கடைசிக் காட்சி மட்டும் அவரு எழுதலையாம், அதே காலத்து இன்னொரு எழுத்தாளர் லெப்போ எழுதினதாம். சொன்னது யாரு? கம்ப்யூட்டர்! வசனத்தையெல்லாம் உள்ள கொட்டி, 'சரி' எத்தனை, 'அப்புறம்' எத்தனை, 'போகட்டும்' எத்தனைன்னு எண்ணுச்சாம். எழுதறவங்க ஒவ்வொருத்தருக்கும் ஒரு கணக்கு இருக்காம். அடடடா! இப்படி எண்ண வெச்ச பேராசிரியர் ஒரு நாடகத்துக்காவது டிக்கெட் எடுத்திருப்பாரா? இன்னைக்கு ரெண்டு மணிக்கு விழா. புதுப் பதிப்புல லெப்போ பேரைப் போட்டு, அந்தாளு மகன் கையில பூங்கொத்தும் குடுக்கப் போறாங்க. அதான் ஓடறேன்.

நான் யாருன்னு கேக்கறீங்களா? கேக்கலையா... சரி. பேரு ஐனி. தாம்பெரே ஊரு நாடகக் கொட்டகைல, மேடைக்கு முன்னாடி குழி இருக்குமே, அதுக்குள்ள உக்காந்து, நடிகருங்க மறந்தா வசனத்தைக் கிசுகிசுக்கறவ. நாப்பது வருஷம். பார்த்தது முழுக்க செருப்புதான்!

அது இருக்கட்டும். அந்த மெஷினுக்குள்ள ஏழு எழுத்தாளருங்க எழுதினதைப் போட்டாங்களாம். ஏழும் ஆம்பளைங்க. இதுல யாருன்னு கேட்டா, அது பாவம், அந்த ஏழுல ஒருத்தனைத்தானே காட்டும்? எட்டாவதா ஒரு ஆள் இருக்கலாம்னு அத்தனை படிச்சவனுக்கும் தோணலை பாருங்க! தூ!

ஆனா... ஹல்மே இல்லைன்னு சொல்லுச்சே, அதுல தப்பில்ல.

என்ன அப்படிப் பாக்கறீங்க? அந்த நாடகத்தோட முதல் நாள் ஆட்டம். கடைசிக் காட்சிக் காகிதத்தை பஸ்ல விட்டுட்டேன். என் புத்தி! மேடையில ஹெல்வி ஒத்தையா நிக்கறா, வீட்டை விட்டுப் போற பொண்டாட்டி வேஷம். ஒரு வரி ஞாபகமில்ல அவளுக்கு. குழியைப் பாக்கறா. நான் என்ன பண்ணுவேன்? வாய்க்கு வந்ததைச் சொன்னேன். அவ என்னைப் பார்த்துக்கிட்டே சொன்னா. பத்து நிமிஷம்! சபையே அழுதுது தம்பி.

மறுநாள் ஹல்மே வந்தாரு. "நேத்து சொன்னதை அப்படியே எழுதிக் குடு"ன்னாரு. குடுத்தேன். அச்சுல ஏத்தினாரு. அப்பவே ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேக்கலை. காகிதத்தைத் தொலைச்சது தெரிஞ்சா வேலை போயிடுமேன்னு பயம். அவரு செத்தப்புறமும் மூடிக்கிட்டுத்தான் இருந்தேன், என்னைச் சொல்லணும். ஹல்மே பேருல இருந்தவரைக்கும் பொறுத்துக்கிட்டேன். இப்ப லெப்போவா? என் புருஷன் என்னை விட்டுப்போன வருஷம் எனக்குள்ள ஓடினது அத்தனையும் அதுல இருக்கு. அதைப் பத்தி அந்தாளுக்கு என்ன தெரியும்?

என்ன, விரலை உதட்டுல வைக்கறீங்க? ஓ, அமைதிப் பெட்டியா இது? மெதுவாப் பேசணுமா?

நாப்பது வருஷம் மெதுவாத்தான் தம்பி பேசினேன்.