காதுக்குக் கேட்காத சத்தம்

தொண்டாமுத்தூரிலிருந்து காந்திபுரம் போகும் பஸ்ஸில், எனக்கு முன் சீட்டில் இருந்த அம்மாள் தன் கணவரிடம் சொன்னார்: "ஏனுங்க, எந்தலைக்குள்ள இருக்கற கட்டிக்குச் சத்தத்துலயே வைத்தியம் பண்றாங்களாமா. நான் ஒத்துக்கலாம்னு இருக்கறனுங்க."

"சத்தத்துலயா? கத்தி வெக்க மாட்டாங்களா?"

"இல்லீங்க. மொதல்ல ஒரு மருந்து குடுப்பாங்களாம். அது போய்க் கட்டிக்குள்ள சும்மா உக்காந்துக்குமாம். வெளிய இருந்து ஸ்கேன் மாதிரி சத்தத்தை அனுப்புனா, மருந்து முழிச்சுக்கிட்டுக் கட்டியை அழிக்குமாம். அந்தச் சத்தம் காதுக்கே கேக்காதாமா."

"நம்மூட்டுல நான் போடற சத்தம் மட்டும் உனக்கு என்னைக்குக் கேட்டுது?"

அம்மாள் வாய்விட்டுச் சிரித்தார். கணவர் சிரிக்கவில்லை. "இது இன்னும் சோதனையிலதான இருக்குது, அம்மணி? கொணமாயிரும்னு டாக்டரே உறுதி சொல்லலியே."

"சொல்லலீங்க. ஆனா ரெண்டு தடவை மண்டையத் தொறந்தாச்சு. மூணாவதுக்கு எனக்குத் தெம்பில்லீங்க."

கணவர் வெயில் அடித்த ஜன்னலின் ஷட்டரை இறக்கிவிட்டார். "அந்த மருந்தைக் குடிச்சா வெளிச்சம் படக்கூடாதுன்னாங்களே?"

"ரெண்டு நாளைக்கு இருட்டு ரூம்புலயே இருக்கோணுமாம்."

"நானும் உள்ளயே இருந்துக்கறேன். தனியா உட்டா நீ சீரியல் கதையைச் சுவத்துக்கிட்டச் சொல்லிட்டிருப்பே."

மனைவியின் பையிலிருந்த சம்மதப் படிவத்தை எடுத்து, அதில் உறவினர் கையெழுத்துப் போடும் இடத்தைத் தேடிப் பிடித்து, கண்டக்டரிடம் பேனா கேட்டு வாங்கினார்.

"பஸ்ஸு நிக்கட்டுங்க. கையெழுத்துக் கோணிக்கும்" என்றார் அம்மாள்.

"கோணுனாலும் என்ற கையெழுத்துதான்" என்றவர், பூ மார்க்கெட் திருப்பத்தில் பஸ் சாய்ந்தபோது அழுத்திக் கையெழுத்துப் போட்டார்.