நாட்டாமை கொடுத்த மன்னிப்பு

பிள்ளைகளே, இன்று கம்பத்திலிருந்து வரும் பஸ்ஸில் முன் சீட்டிலிருந்த இரண்டு பெண்கள் பேசியதை அப்படியே எழுதுகிறேன்.

"எம்மகளக் கொளுத்திட்டு கோர்ட்டுல தப்பிச்ச மருமகன, ஊராச்சும் தள்ளி வச்சிருந்துச்சுல்ல மதினி. நேத்து நாட்டாமை திருநீறு பூசி மன்னிச்சுட்டாக."

"அவுகளா? பெத்த மகனையே யாருன்னு கேக்குறாகளே."

"நானும் சொன்னேன். பூசுனா பூசுனதுதானாம். ஜனாதிபதி மன்னிச்சா யாரும் கேக்க முடியாதுல்ல, அது மாதிரியாம்."

"அந்த ஜனாதிபதிக்கே நெனப்புத் தப்பிருச்சுன்னா?"

"யாருக்குத் தெரியும். அவனுக்குப் பூசிட்டுத் திரும்பி, 'ஒம்மக சொகமா இருக்காளா'ன்னு எங்கிட்டக் கேட்டாக மதினி."

இருவரும் சின்னமனூரில் இறங்கிக்கொண்டார்கள். நான் தேனியில் இறங்கியதும் எஸ்.டி.டி. பூத்துக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு, உங்கள் அக்காளின் மாமியார் வீட்டுக்குப் போன் போட்டேன். "அலோ" என்று அக்காளின் குரலே கேட்டது. போனை வைத்துவிட்டேன்.