தரை அதிரக் கூடாது

விளம்பரங்களில் வரும் கைக்கடிகாரங்களைக் கவனித்திருக்கிறீர்களா மேடம், அநேகமாக எல்லாமே பத்து மணி பத்து நிமிடத்தைத்தான் காட்டும். முள் இரண்டும் அப்படி நின்றால் நடுவிலிருக்கும் கம்பெனிப் பெயர் மறையாது. பக்கத்துத் திருகை வெளியே இழுத்துவிட்டால் நொடிமுள்ளும் நின்றுவிடும். பதினொரு வருடமாக நான் பார்க்கிற கடிகாரங்களிலெல்லாம் மணி பத்து பத்துதான். உண்மையில் நேரம் என்ன ஆகிறது என்பதே எனக்கு மறந்துபோகும்.

அத்தனை கிட்டத்தில் படமெடுத்தால் ஒரு மயிரிழை ஆழம்தான் தெளிவாக விழும். முள் தெளிந்தால் எண் மங்கும், எண் தெளிந்தால் முள் மங்கும். அதனால் கேமராவைத் துளித்துளியாக நகர்த்தி அறுபத்து நான்கு படம் எடுப்பேன். கம்ப்யூட்டர் ஒவ்வொன்றிலும் தெளிவான பகுதியை மட்டும் பொறுக்கி ஒரே படமாகச் சேர்க்கும். ஒவ்வொரு படத்துக்கும் முன்னால் அதிர்வு அடங்க எட்டு விநாடி காத்திருக்க வேண்டும். நடுவில் ஏதாவது ஆடினால் எல்லாம் வீண், முதலிலிருந்து தொடங்க வேண்டியதுதான்.

போத்தனூரில் குடியிருந்தபோது ரயில் போகிற நேரமெல்லாம் என் வேலை கெட்டது. அதற்காகவே வடவள்ளிக்கு மாறினேன். கீழ்வீட்டு ராசாத்தாள் அக்கா தங்கமானவர். கிரைண்டர் போடுவதற்கு முன்னால் மாடிப்படியில் நின்று, "ஏனம்மணி, போட்டோ முடிஞ்சுதா? மாவாட்டோணும்" என்று கேட்டுவிட்டுத்தான் போடுவார். எனக்காக அந்த வீடே அசையாமல் இருந்தது.

கோபாலசாமி அண்ணனும் நல்ல மனிதர்தான், அதை எழுதிக்கொள்ளுங்கள். அன்னூர்ப் பக்கம் மோட்டார் பம்பு கம்பெனி வைத்திருந்தார். பழைய கடிகாரங்கள் என்றால் உயிர். அவருடைய நீல முகக் கடிகாரத்தைப் பத்து நாளுக்கு இரவல் வாங்கியிருந்தேன். வெளிநாட்டில் ஒரு கடிகாரப் புத்தகம் வருகிறது, அதன் அட்டைக்குப் படம் கேட்டிருந்தார்கள். பதினொரு வருடமாக என் படங்கள் யாரோ விற்கிற கடிகாரங்களுக்குக் கீழே பெயரில்லாமல் கிடந்தன. இதில் மட்டும் மௌனிகா என்று அச்சாகும். எனக்கு அது எவ்வளவு வேண்டியிருந்தது என்பதை வெட்கப்படாமல் சொல்கிறேன். வியாழக்கிழமை பகல் பன்னிரண்டுதான் கடைசி நேரம்.

அன்று காலை மூன்று முறை கெட்டது. ஒருமுறை கரண்ட் போனது, இரண்டு முறை தண்ணீர் லாரி. நாலாவது முறை ஐம்பத்தெட்டாவது படத்தில் இருக்கும்போது அண்ணன் செருப்போடு படியேறி வந்தார். நேராக மேசைக்குப் போய்க் கடிகாரத்தை எடுத்தார். திருகை உள்ளே அழுத்தி, கண்ணாடியைக் கட்டைவிரலால் தேய்த்து, வேட்டியில் துடைத்தார்.

"மேட்டுப்பாளையத்துல ரிசப்சனுங்க அம்மணி. இதைத்தான் கட்டிட்டுப் போகோணும்."

"கீழ வெச்சுப்போடுங்கண்ணா. கால்மணி நேரந்தானுங்க."

"பத்து நாளா கால்மணி நேரம்னுதான் சொல்றீங்க. ஒரு போட்டோதானுங்களே, போன்ல எடுத்து அனுப்பிப்போடுங்க" என்று சிரித்தார்.

மூன்று முறை கேட்டேன். மூன்று முறையும் மரியாதையாகத்தான் கேட்டேன்.

மேசை ஆடாமலிருக்க அதன் காலடியில் ஐந்து கிலோ எடைக்கல் வைத்திருப்பேன், கிழங்கு மண்டியில் வாங்கியது. அண்ணன் படியை நோக்கித் திரும்பியபோது அந்தக் கல்லால் பின்மண்டையில் அடித்தேன். அது கோபத்தில் அடித்தது, ஒப்புக்கொள்கிறேன். வழுக்கி விழுந்தார், உடனே உயிர் போய்விட்டது என்று முதலில் உங்களிடம் சொன்னது பொய்.

கடிகாரம் அவர் கைக்குள் பத்திரமாக இருந்தது. விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்து எடுத்தேன். இரண்டு விரலை ஒடிக்க வேண்டியிருந்தது. கண்ணாடியில் இருந்த ரத்தத்தையும் ரேகையையும் துடைத்து, தூசி ஊதி, பத்து பத்துக்கு வைத்துத் திருகை இழுத்தேன். முதலிலிருந்து தொடங்கினேன்.

ஒன்பதாவது படம் ஆடியிருந்தது. திரும்பிப் பார்த்தால் அண்ணனின் குதிகால் தரையில் தட்டிக்கொண்டிருந்தது. காலுக்கடியில் தலையணை வைத்தேன். மறுபடி தொடங்கினேன். ஆறாவது படத்தில் மறுபடி ஆடியது. இப்போது முழங்கையும் தட்டியது. கண் திறந்திருந்தது. "அம்மணி, தண்ணி குடுங்க" என்றார். அந்த நிலையிலும் வாங்க போங்க என்றுதான் பேசினார், பாருங்கள்.

மணியைப் பார்த்தேன். பத்து பத்து. எவ்வளவு நேரம் மிச்சமிருக்கிறது என்று தெரியவில்லை.

"ஒரு நிமிசமுங்கண்ணா" என்று சொல்லிவிட்டு எடைக்கல்லை எடுத்தேன். இந்த முறை நெற்றியில், நாலு அடி. இதைக் கோபம் என்று எழுதாதீர்கள். எனக்கு அப்போது கோபமே இல்லை. கை நடுங்கவில்லை. நடுங்கியிருந்தால் படம் வந்திருக்காது.

முப்பதாவது படத்தில் ராசாத்தாள் அக்கா படியில் நின்று கேட்டார். "இன்னும் பத்து நிமிசம் பொறுத்துக்குங்கக்கா" என்றேன். பாவம், அவரும் பொறுத்துக்கொண்டார். பதினொன்று ஐம்பத்தாறுக்குப் படத்தை அனுப்பிவிட்டுத்தான் உங்கள் ஸ்டேஷனுக்குப் போன் செய்தேன்.

கடிகாரம் நின்றாலும் கேமரா ஒவ்வொரு படத்திலும் உண்மையான நேரத்தைக் குறித்துக்கொள்ளும். அதை வைத்துத்தானே என் பொய்யைப் பிடித்தீர்கள், அது எனக்குத் தோன்றவே இல்லை. தோன்றியிருந்தாலும் அந்தப் படங்களை அழித்திருக்க மாட்டேன். பெரிதாக்கிப் பாருங்கள், ஒரு தூசி இல்லை.

அவர் தண்ணீர் கேட்டபோதே ஆம்புலன்சைக் கூப்பிட்டிருந்தால் பிழைத்திருப்பார், ஆஸ்பத்திரி அடுத்த தெருவில்தானே என்கிறீர்கள். நானும் அதை நினைக்காமல் இல்லை மேடம். ஆனால் நாலு பேர் ஸ்ட்ரெச்சரோடு அந்தப் படியில் ஏறி இறங்கினால் தரை எவ்வளவு அதிரும் என்று உங்களுக்குத் தெரியாது.