ஓரத்து நீலம்

உமா: ஏணிய விட்டு இறங்குங்க, ஜமீல் பாய்.

ஜமீல்: சும்மா தொடச்சு விடலாம்னு ஏறினேன், மேடம்...

உமா: தொடைக்கறதுக்கு எதுக்கு ஆணியப் பிடுங்குறீங்க?

ஜமீல்: ஃபிரேம் லேசா ஊறியிருக்கு. மழை பாத்தீங்கள்ல.

உமா: பதினாறு படமும் ஒரே வண்டியில, ஒரே மழையில வந்துச்சு. இது மட்டும் தனியா நனைஞ்சுதாக்கும்.

ஜமீல்: சரி, ஊறல. இந்தச் செவுத்துக்குப் பெருசா இருக்கு.

உமா: போன வாரம் இதே செவுத்துக்குச் சின்னதா இருக்குன்னீங்க.

ஜமீல்: அப்படியா சொன்னேன்...

உமா: இறங்குங்க. டீ ஆறுது. நாளைக்குப் பத்து மணிக்குக் கண்காட்சி. நான் இன்னும் ஒரு படத்துக்குக் கூட கார்டு எழுதல.

ஜமீல்: இதுக்குப் பதிலா சிப்பிகாட் தோட்டத்த மாட்டுவோமே. அதுவும் நல்ல படம்னு நீங்கதானே சொன்னீங்க.

உமா: நல்ல படம் பதினஞ்சு இருக்கு. நடந்து போற ஆளை நிறுத்துற படம் இது ஒண்ணுதான். சாத்தம் ஜெட்டியில போட் ஏற நிக்கிற ஜனம், பின்னால மரம் அறுக்கற மில்லு... இதப் பாக்கத்தான் விசாலாட்சி மேடம் சென்னையிலருந்து காலை ஃப்ளைட்ல வர்றாங்க. பிடிச்சுப் போச்சுன்னா அவங்க கேலரியில ஒரு மாசம் உங்க படம் மட்டும்தான். அபர்டீன் பஜார்ல செருப்புக் கடை வச்சிருக்கறவருக்கு, அம்பத்தோரு வயசுல. இன்னொரு தடவ வராது, பாய்.

ஜமீல்: தெரியும். நேத்து அவுக வாய்ஸ் மெசேஜ நீங்க போட்டுக் காட்டுனதுலருந்து எனக்குத் தூக்கமே இல்ல.

உமா: சந்தோஷத்துல?

ஜமீல்: போட்டோவப் பாத்துட்டு மூணு நிமிஷம் பேசுனாக. அதுல ரெண்டரை நிமிஷம் கீழ் ஓரத்துத் தண்ணியப் பத்தி. அந்த நீலம், அந்த நீலம்னு...

உமா: அதுக்கென்ன? ஆறு மாசமா தலைப்பாடா அடிச்சுக்கறேன். யாராவது பாராட்டினா திருடன் மாதிரி முழிக்காதீங்க, நன்றினு சொல்லிட்டு நிமிந்து நில்லுங்கனு.

ஜமீல்: திருடன்னா முழிக்கத்தான் செய்வான்.

உமா: என்னது?

ஜமீல்: ஒண்ணுமில்ல... அரை மணி நேரம் குடுங்க, மேடம். கடைக்குப் போயி பெயிண்ட் எடுத்தாறேன். அந்த ஓரத்த மட்டும் மூடிட்டா போதும். காலைக்குள்ள காஞ்சிரும்.

உமா: அதுல கை வச்சீங்கன்னா பாருங்க.

ஜமீல்: அரே... இவ்வளவு கோவமா? என் படந்தானே.

உமா: ...உங்க படம்தான். டீயக் குடிங்க.

ஜமீல்: மொத மொதல்ல செருப்பு வாங்க வந்தப்பவும் இப்படித்தான். கடையில தொங்குன இது முன்னாடி முக்கால் மணி நேரம் நின்னுட்டு, எடுத்து வச்ச செருப்ப மறந்துட்டுப் போனீங்க.

உமா: படம் பாக்குறதுதான் என் தொழில்.

ஜமீல்: அப்ப தொழில் தெரிஞ்ச உங்ககிட்ட மறைக்கக் கூடாது. அந்தத் தண்ணி நான் வரைஞ்சது இல்ல, மேடம்.

உமா: சொல்லுங்க.

ஜமீல்: ரெண்டு வருஷம் முந்தி கப்பல் லேட்டாகி இந்தத் தீவுக்கு மெயின்லேண்ட்லருந்து கேன்வாஸே வரல. எனக்கோ கை அரிக்குது. பழைய சாமான் வாங்கற ஒரு கபாடிக்காரன்ட்ட பழசு ஒண்ணு கெடந்துச்சு, யாரோ வரைஞ்சு போட்டது. மேலெல்லாம் பூஞ்சை. வீட்டுக்குக் கொண்டாந்து வெள்ளை அடிச்சு மூடிக்கிட்டே வந்தேன்... இந்த ஓரத்துக்கு வந்தப்ப பிரஷ் போகல.

உமா: ஏன்?

ஜமீல்: மழை வர்றதுக்குக் கொஞ்சம் முந்தி இங்க கடல் ஒரு மாதிரி ஆகுமே, அந்த நெறம். பொறந்ததுலருந்து பாக்கேன், என் கைக்கு வரல. எத்தனையோ தடவ கலக்கிப் பாத்துட்டேன். கடைசியில அது பாட்டுக்கு இருக்கட்டும்னு விட்டுட்டு, அதச் சுத்தி ஜெட்டிய வரைஞ்சேன். அந்தத் தண்ணிக்குக் கரை கட்டுனேன், அவ்வளவுதான்.

உமா: அதுவும் எல்லாருக்கும் வராது, பாய்.

ஜமீல்: நீங்க எனக்காகப் பேசுறீங்க. வீட்டுல ஷரீபாட்ட சொன்னதுக்கு, அடுத்த வீட்டுப் பிள்ளைக்கு வாப்பானு கையெழுத்துப் போடுவீகளானு கேட்டுட்டா.

உமா: அவங்ககிட்ட வாயைக் குடுக்க முடியுமா...

ஜமீல்: சிரிக்காதீங்க. படம் தொங்கட்டும், உங்க பேச்ச மீறல. ஆனா கார்டுல உள்ளத எழுதுங்க. சாத்தம் ஜெட்டி, ஜமீல். அதுக்குக் கீழ, ஓரத்துக் கடல், பெயர் தெரியாத ஒருவர்.

உமா: விசாலாட்சி மேடம் படிச்சுட்டு, உங்களுது இல்லாத நீலத்துக்கு எதுக்கு உங்க படம்னு திரும்பிப் போயிட்டா?

ஜமீல்: போகட்டும். வயிறெல்லாம் எரியும், இல்லேங்கல. இருபது வருஷம் கடைக்குப் பின்னால ஒக்காந்து வரைஞ்சிருக்கேன். ஆனா அவுக மூஞ்சியப் பாத்து நன்றினு சொல்ல என்னால ஆகாது.

உமா: சரி. சாத்தம் ஜெட்டி, ஜமீல். ஓரத்துக் கடல்...

ஜமீல்: எழுதுங்க. ஏன் பேனா நிக்குது?

உமா: ‘பெயர் தெரியாத’ மட்டும் வேணாமே, பாய்.

ஜமீல்: வேற என்னத்தப் போடறது? முன்னால பின்னால எங்கயும் கையெழுத்து இல்ல. கபாடிக்காரனத் தொளச்சு எடுத்துட்டேன். எட்டு வருஷமா கெடந்துச்சு, ஏதோ கவர்மென்ட் குவார்ட்டர்ஸ் காலி பண்ணப்ப எடைக்கு வந்துச்சுங்கறான். எனக்கு ஒண்ணுதான் மனசு ஆற மாட்டேங்குது, மேடம். இப்படி ஒரு தண்ணிய வரைஞ்ச ஆளு, அத எடைக்குப் போட எப்படித் துணிஞ்சாரு?

உமா: நல்லா இல்லனு நெனச்சேன், பாய். அப்ப எனக்கு இருபத்துமூணு வயசு.