காய்ச்சலில் கேட்ட குரல்

செவிலிமேடு போகும் டவுன் பஸ்ஸில் எனக்கு முன் சீட்டில் இரண்டு பெண்கள். இளையவள் மடியில் ஆஸ்பத்திரி மாத்திரைக் கவர்.

“பையனுக்குக் குரல் கேக்குதுன்னதும், அவன் வயித்துல இருக்கும்போது கடுங்காய்ச்சல் வந்துச்சானு டாக்டர் கேட்டாருக்கா. அதுவும் ஒரு காரணமா இருக்கலாமாம்.”

“வந்துச்சா?”

“ஆறாம் மாசம். தறிகிட்டயே படுத்துக்கினு இருந்தேன். ‘இழ அறுந்துச்சு, முடிச்சு போடு’னு ஒரு பொம்பள சொல்லிக்கினே இருந்தா. வீட்ல யாருமில்ல. காய்ச்சல் விட்டதும் நின்னுடுச்சு.”

“பையனுக்கு என்னா கேக்குதாம்?”

“அதே பேச்சுக்கா. அவன் பொறக்கறதுக்கு முன்னயே தறிய வித்துட்டோம். நான் யார்கிட்டயும் சொன்னதேயில்ல.”

“டாக்டர்கிட்ட?”

“காய்ச்சல் வந்துச்சானுதான கேட்டாரு. யாரு வந்தாங்கன்னு கேக்கலியே.”